மணிக்கணக்கு

தை மாதத்தில் மேகம் என்று
எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
சம்பா தலைசாய்ந்து நிற்கும் நேரம்.
பிரிட்டோவுக்கு அது தெரியாது.
லேப்டாப்பைத் திறந்தபடி,
"இனிமே உங்க கணக்கெல்லாம் மேகத்துல இருக்கும்க்கா" என்றான்.
என் டிரைவர்கள் நால்வரும்
ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே
தகரக் கொட்டகை,
நான்கு அறுவடை இயந்திரம்,
வங்கிக்கடன்,
'தையல்நாயகி அறுவடை' என்று என் பெயரிலேயே ஒரு பலகை.
கேட் விழுந்துவிட்டால் அந்தப் பக்கத்து வயல்
வேறு தேசம்.

விலைக்கு இல்லையாம், சந்தாவாம்.
வண்டிக்கு மாதம் நானூற்றுத் தொண்ணூறு.
எந்த வண்டி எந்த வயலில்,
எத்தனை மணி ஓடியது, டீசல் எவ்வளவு,
யாரிடம் பாக்கி,
எல்லாம் போனிலேயே தெரியும்.
பழுதானால் அவர்களே பார்ப்பார்கள்.
அறுவடை முடிந்ததும் வேண்டாமென்றால்
நிறுத்திக்கொள்ளலாம்.

"கட்டிக்கிட்டே இருக்கணும்,
கடைசியில கையில ஒண்ணும் நிக்காதா?"
கேட்ட பிறகுதான் சிரிப்பு வந்தது.
உத்திராபதி வருஷா வருஷம்
வரப்பில் நின்று என்னைக் கேட்பது அதைத்தான்.
மணிக்கு இரண்டாயிரத்து அறுநூறு.
நெல் அவருக்கு, இயந்திரம் எனக்கு.
இருபது நாள் வேலைக்கு இருபத்தாறு லட்சம் போட்டு வாங்கி,
நடுச்சேற்றில் பெல்ட் கழன்றால்
நீங்களா இறங்குவீங்க என்பேன்.
அவர் வயலும் கோயில் நிலம், குத்தகை.
தண்ணீர், மேட்டூர் திறந்தால்.

சேர்ந்துவிட்டேன்.

முதல் வாரமே காட்டிக்கொடுத்தது:
மூன்றாம் வண்டி தினமும் நாற்பது நிமிஷம்
நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓட
டீசல் குடிக்கிறது.
வீரக்குமாரைக் கூப்பிட்டேன்.
ஆத்தூர்க்காரன், வண்டிக்கடியில் படுத்துத் தூங்குகிறவன்.
"போனுக்குச் சார்ஜ் ஏத்துறேன்க்கா.
அது அணைஞ்சா உங்க மேகம் தெரியாதே."

தை பத்தொன்பது, ராத்திரி பதினொன்றரை.
நாளை மறுநாள் மழை என்று ரேடியோ சொல்லிவிட்டது.
நாலு வண்டிக்கும் விடியலில் வயல் பிரிக்க வேண்டும்.
போனைத் திறந்தால் வெள்ளைத் திரை:
உங்கள் சந்தா முடிவடைந்தது.
வங்கி அட்டை காலாவதி.
புது அட்டை கும்பகோணத்தில் ஏதோ கூரியர் மூட்டையில்.
அறுபத்திரண்டு பேர் எனக்குத் தர வேண்டிய பாக்கி
கதவுக்கு அந்தப் பக்கம்.
என் கடன்காரர்களைப் பார்க்க
எனக்கே அனுமதி இல்லை.

போன வருஷம் இதே நாட்களில்
பழைய பாக்கிக்காக
உத்திராபதியின் பாதி வயலில் வண்டியை நிறுத்தி
சாவியை நான்தான் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
அறுத்த பாதிக்கும் அறுக்காத பாதிக்கும் நடுவில்
உட்கார்ந்திருந்தார்.

பிரிட்டோ எடுக்கவில்லை.
வீரக்குமார்தான் தன் போனை நீட்டி,
"எவ்வளவுக்கா?" என்றான்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோனவன்,
மூன்று தடவை அழுத்தினான்.
திறந்தது.
விடியும் முன் நாலு வண்டியும் கேட்டைத் தாண்டின.

மறுநாள் ரசீது வந்தது:
மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் வீரக்குமார் அவர்களுக்கு.
கொட்டகை முழுக்க ஒரு வாரம் அதே பேச்சு.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும்
பட்டியலை இறக்கி என் கணினியில் வைத்துக்கொள்கிறேன்.
உத்திராபதி மாதிரி ஆட்களுக்கு
அறுவடை முடிந்து பதினைந்து நாள் தவணை.
சந்தாவை நிறுத்தவில்லை. நிறுத்தவும் மாட்டேன்;
டீசலில் மட்டும் மாதம் ஒன்பதாயிரம் மிச்சம்.

ஒரே ஒரு குறை.
வீரக்குமாருக்கு நான் தர வேண்டியதை
எங்கே ஏற்றுவது என்று பிரிட்டோவைக் கேட்டேன்.
எனக்கு வர வேண்டியதற்குத்தான் இதில் கட்டமாம்.
நான் தர வேண்டியதற்கு
அடுத்த திட்டம், வண்டிக்கு எழுநூற்று ஐம்பது.

மூன்றாம் வண்டியின் கதவில்
சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.
வடக்கே கறுக்கிறது.
அழிவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.